தானியமும் பழமும்: தரம் எங்கே பிறக்கின்றது?

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தத்தம் இல்லங்களிலேயே பியர், வைன், சைடர் ஆகிய பானங்களைத் தமது தேவைக்கென ஆக்கிக்கொள்வோர் பலர் உளர். பியர் பார்லித் தானியத்திலிருந்தும், வைன் முந்திரிகை எனவும் வழங்கும் திராட்சைப் பழத்திலிருந்தும், சைடர் அப்பிள் பழத்திலிருந்தும் ஆக்கப்படுவன. இம்மூன்றனுள் எது கடினம், எது எளிது என்னும் வழக்கு அவர்களிடையே நெடுங்காலமாக ஓயாது நடைபெற்று வருகின்றது. மேலோட்டமாக நோக்குவார்க்கு இது பொழுதுபோக்காளரின் வீண்வாதமாகத் தோன்றலாம். ஆயின், ஒரு பண்டத்தின் தரம் அடுப்படியிற் பிறக்கின்றதா, அன்றி நிலத்திற் பிறக்கின்றதா என்னும் வினாவே இவ்வழக்கின் உட்கிடையாகும். அவ்வினா நெல்லும் மரக்கறியும் பழமும் விளைவிக்கும் ஒவ்வொரு கமக்காரரையும் சார்ந்தது.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுதல் நன்று. இலங்கையில் 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரமின்றி மது ஆக்குதல் குற்றமாகும். ஆதலால் இத்துண்டுப்பிரசுரம் மது ஆக்கும் வழியைக் கற்பிக்க எழுந்ததன்று. பிறநாட்டு இல்லத்தாரின் அனுபவத்திலிருந்து இந்நாட்டுக் கமக்காரர் பெறக்கூடிய பாடம் யாது என்பதை ஆராய்வதே இதன் நோக்கம்.

வழக்கின் இரு பக்கங்கள்

பியர் ஆக்குவோர் கூறுவது இது: "வைனும் சைடரும் ஆக்குதற்கு என்ன திறமை வேண்டும்? பழத்தைப் பிழிந்து, சாற்றைப் பாத்திரத்தில் ஊற்றி, மதுவத்தை இட்டு, மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தாற் போதும். எமக்கோ ஒரு முறை பியர் ஆக்க ஒரு பகற்பொழுது முழுவதும் அடுப்படியில் நிற்க வேண்டியிருக்கின்றது."

வைன் ஆக்குவோர் கூறும் மறுமொழியோ வேறு: "பியர் என்பது சமையல். அளவுகளைக் குறித்தபடி கைக்கொண்டால் எவரும் ஆக்கலாம். ஒரு மாதத்தில் முடிந்துபோகும் வேலை அது. எமது வேலையில் ஓராண்டு காத்திருந்த பின்னரே நன்மை தீமை தெரியவரும்."

இவ்விரு கூற்றுகளிலும் உண்மை உண்டு. எனினும் இரண்டும் பாதி உண்மைகளே. பழத்து மதுவில் வேலை குறைவென்று தோன்றுவதற்குக் காரணம், அவ்வேலையின் பெரும்பகுதி பாத்திரத்தை அடையுமுன்னரே தோட்டத்தில் முடிந்துவிடுவதாகும். அவ்வேலையைச் செய்தவர் பழத்தை விளைவித்தவர். அதனைக் கண்ணாற் காணாதவரே அதனை எளிதென்பர். இதனை விளங்கிக்கொள்ளுதற்குத் தானியத்திற்கும் பழத்திற்கும் இயற்கையிலுள்ள வேறுபாட்டை முதலில் அறிதல் வேண்டும்.

மாப்பொருளும் வெல்லமும்

மதுவம் என்பது கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர். அது வெல்லத்தை உண்டு மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் வெளிவிடுகின்றது. இதுவே நொதித்தல். நொதித்தல் உயிர்களின் செயலென்பதை நிலைநாட்டியவர் பிரான்சிய அறிஞர் லூயி பாஸ்டர். வைனைப் பற்றி 1866 இலும், பியரைப் பற்றி 1876 இலும் அவர் தனித்தனி நூல்கள் வெளியிட்டார்.

பழத்தில் வெல்லம் ஆயத்தமாகவே உள்ளது. நன்கு பழுத்த வைன் திராட்சையின் சாற்றில் நூற்றுக்கு 20 முதல் 25 வரையான பங்கு வெல்லமாகும். அப்பிட் சாற்றில் அது ஏறத்தாழ 10 முதல் 15 வரை இருக்கும். பழத்தின் தோலிலும் பிழியும் கருவிகளிலும் மதுவ வகைகள் இயல்பாகவே தங்கியிருத்தலால், வெளியிலிருந்து எதுவும் இடாவிடினும் சாறு தானே நொதிக்கத் தொடங்கும். வடபகுதியாரும் மேற்குக் கரையோரத்தாரும் நன்கறிந்த கள்ளும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. பனையின் பாளையிலிருந்து வடியும் இனிய நீர் முட்டியை அடைந்தவுடனேயே நொதிக்கத் தொடங்குகின்றது. அதனைத் தடுத்துக் கருப்பநீராகப் பெறுதற்காகவே முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசப்படுகின்றது.

தானியத்தின் நிலை இதற்கு மாறானது. தானியத்தில் உள்ளது மாப்பொருள். மதுவத்தால் மாப்பொருளை உண்ண இயலாது. அதனை வெல்லமாக மாற்றிய பின்னரே நொதித்தல் நிகழும். அம்மாற்றத்தைச் செய்யும் நொதியங்கள் தானியம் முளைக்கும்போது தோன்றுகின்றன. சேற்று விதைப்புக்காக விதைநெல்லை ஊறவைத்து, பின்னர் நீர் வடித்துச் சாக்கால் மூடி முளைகட்டும் கமக்காரர் இச்செயலைப் போகந்தோறும் காண்கின்றார். முளைகட்டிய நெல்லை வாயிலிட்டு மென்றால் இலேசான இனிப்புத் தோன்றுவது இதனாலேயே. நாற்று வளர்தற்கென இயற்கை திறந்துவைக்கும் களஞ்சியத்தையே பியர் ஆக்குவோர் தமக்குப் பயன்படுத்திக்கொள்கின்றனர்.

யப்பானியரின் சாக்கே என்னும் பானத்தைப் பலர் அரிசி வைன் என வழங்குவர். அப்பெயர் பொருத்தமானதன்று. தீட்டிய அரிசி முளைக்காது. ஆதலால் ஒருவகைப் பூஞ்சணத்தை அவித்த அரிசியில் வளர்த்து, அதன் நொதியங்களால் மாப்பொருளை வெல்லமாக்குகின்றனர். எனவே சாக்கே வைனின் இனமன்று. தானியத்து மதுவாகிய பியரின் இனத்தையே சார்ந்தது.

தானியம் கேட்கும் வேலை

பார்லியை ஊறவைத்து, சில நாள் முளைக்கவிட்டு, சூட்டில் உலர்த்தி எடுப்பது முளைத்தானியம் எனப்படும். இல்லத்திற் பியர் ஆக்குவோர் பெரும்பாலும் இதனை விலைக்கே வாங்குவர். அதனை உடைத்து, ஏறத்தாழ 65 முதல் 68 பாகை செல்சியசு வரை சூடுள்ள நீரில் ஒரு மணித்தியாலம் வைத்திருத்தல் வேண்டும். சூடு சற்றுக் குறைந்தால் வெல்லம் முற்றாக நொதிக்கத்தக்கதாகிப் பானம் மெலிந்திருக்கும். சற்று ஏறினால் நொதிக்காத பகுதி மிகுந்து பானம் தடித்திருக்கும். மிகவும் ஏறினால் நொதியங்களே அழிந்துபோகும். பின்னர்ச் சாற்றை வடித்து, ஹொப்சு என்னும் கசப்புப் பூவை இட்டு, ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் கொதிக்கவைத்து, விரைவாக ஆறவைத்து மதுவத்தை இடுவர். ஆறிய சாற்றில் அழுக்கான கரண்டி ஒன்று பட்டாலும் தீய பற்றீரியா புகுந்து முழுவதையும் கெடுத்துவிடக்கூடும்.

இவ்வேலையிற் கவனமும் துப்புரவும் மிகவும் வேண்டப்படுகின்றன. ஆயின் இதற்கொரு பெருஞ் சலுகை உண்டு. உலர்ந்த தானியம் ஆண்டு முழுவதும் கிடைக்கும். ஒரு மூடைக்கும் மறு மூடைக்கும் வேறுபாடு சிறிது. ஒரு முறை பிழைத்தால் அடுத்த மாதமே திருத்தலாம். நீரின் சூடு, ஹொப்சின் அளவு, மதுவத்தின் வகை ஆகியவற்றை மாற்றி விரும்பிய சுவையை அடையலாம். சுருங்கக் கூறின், பியரில் ஆக்குவோரின் கை ஓங்கி நிற்கின்றது.

இவ்விடத்திற் பார்லி விளைவிப்போரின் பணி சிறிதென்று எண்ணலாகாது. முளைப்புத்திறன் குன்றிய தானியமும், புரதம் மிகுந்த தானியமும் நல்ல முளைத்தானியம் தரா. எனினும் அக்குறைகள் ஆலையிலேயே அளந்தறியப்பட்டுக் கழிக்கப்படுகின்றன. இல்லத்தார் கைக்கு வருவது ஏற்கெனவே தெரிந்தெடுக்கப்பட்ட பொருளாகும்.

பழம் கேட்கும் வேலை

வைனிலும் சைடரிலும் நிலைமை இவ்வாறன்று. திராட்சை ஆண்டுக்கு ஒருமுறையே அறுவடையாகும். பழுக்குமுன் பறித்தாற் புளிப்பு மிஞ்சும். பழுத்த பின் மழை பெய்தால் அழுகல் தோன்றும். கொடியிற் காய் மிகுதியாக விடப்பட்டாற் சாறு நீர்த்துப்போகும். சாற்றில் வெல்லம் குறைந்தாற் சீனி சேர்க்கலாம்; புளிப்புக் குறைந்தால் அமிலம் சேர்க்கலாம். ஆயின் பழத்தில் இல்லாத மணத்தை எவராலும் பாத்திரத்திற் சேர்க்க முடியாது.

சைடரின் வரலாறு இதனை மேலும் நன்கு விளக்கும். இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள ஹெரிபோட், சொமசெற் போன்ற மாவட்டங்களில் உண்பதற்கன்றிச் சைடருக்கெனவே அப்பிள் வகைகள் பேணப்பட்டன. அங்கு விவசாயத் தொழிலாளருக்குக் கூலியின் ஒரு பகுதியைச் சைடராகவே கொடுக்கும் வழக்கமும் இருந்தது. 1887 ஆம் ஆண்டின் சட்டமொன்று அதனைத் தடைசெய்தது. பிரிஸ்டல் நகருக்கு அண்மையிலுள்ள லோங் அஷ்டனில் 1903 இல் சைடருக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. நூறாண்டுகள் பணியாற்றி அது 2003 இல் மூடப்பட்டது. அங்குப் பணியாற்றிய அறிஞர் பாக்கர், அப்பிள்களைப் புளிப்பும் துவர்ப்பும் கொண்டு நான்காக வகுத்தார். புளிப்பும் துவர்ப்பும் குறைந்தது இனிப்பு வகை. துவர்ப்பு மட்டும் மிகுந்தது துவரினிப்பு வகை. புளிப்பு மட்டும் மிகுந்தது புளிப்பு வகை. இரண்டும் மிகுந்தது துவர்ப்புளிப்பு வகை. டாபினெற் என்பது துவரினிப்பு வகைக்கும், கிங்ஸ்ரன் பிளாக் என்பது துவர்ப்புளிப்பு வகைக்கும் எடுத்துக்காட்டுகளாம்.

கடையில் உண்பதற்கென விற்கப்படும் அப்பிளைப் பிழிந்து சைடர் ஆக்கியவர், பானம் உப்புசப்பற்றிருக்கின்றதெனக் குறைகூறுவர். பிழை அவரது கையிலன்று; அப்பழத்திலே துவர்ப்பு இல்லை. துவர்ப்பை வேண்டுபவர் அவ்வகையை நட்ட தோட்டக்காரரைத் தேடிச் செல்ல வேண்டும். பெரிய மரமாக வளரும் ஓர் அப்பிட் கன்று முழுப்பயன் தருதற்குப் பல ஆண்டுகள் செல்லும். ஆகவே இன்று பாத்திரத்தில் நொதிக்கும் சைடரின் சுவையை, பல ஆண்டுகளுக்கு முன்னர்க் கன்று நட்டவர் தீர்மானித்துவிட்டார் எனலாம்.

இல்லத்தார் செய்யவேண்டிய வேலையும் இல்லாமலில்லை. ஒரு கலன் சாறு பெற 15 முதல் 20 இறாத்தல் வரையான அப்பிளை இடித்துப் பிழிதல் வேண்டும். அது உடலை வருத்தும் வேலை. நொதித்து முடிந்த பின்னர்ப் பாத்திரத்திற் காற்றுப் புகாமற் காத்தலும் வேண்டும். காற்றுப் புகுந்தால் அசற்றிக்கமிலப் பற்றீரியா மதுசாரத்தை வினாகிரியாக மாற்றிவிடும். ஆயினும் இவையெல்லாம் பழத்திலுள்ள நன்மையைக் காக்கும் வேலைகளேயன்றி, இல்லாத நன்மையை உண்டாக்கும் வேலைகளல்ல.

ஆண்டுக்கு ஒரு பாடம்

இரு சாராரையும் பிரிக்கும் மற்றொன்று காலம். பியர் ஆக்குவோர் மாதம் ஒருமுறை ஆக்கினால், ஆண்டில் பன்னிரண்டு பாடங்கள் பெறுவர். வைன் ஆக்குவோருக்கு ஆண்டிற் கிடைப்பது ஒரே பாடம். முப்பது ஆண்டுகள் உழைத்தவரும் முப்பது அறுவடைகளையே கண்டிருப்பர். பெரும்போகமும் சிறுபோகமுமாக ஆண்டில் இருமுறை மட்டுமே கற்கும் நெற்செய்கையாளர் இதன் கருத்தை எளிதில் உணர்வர்.

பாடங்கள் சிலவாயின், அவற்றுள் ஒன்றையும் மறத்தலாகாது. இல்லத்தில் மது ஆக்குவோருட் சிறந்தவர் யாவரும் குறிப்புப் புத்தகம் வைத்திருப்பர். பழம் எந்நாளிற் பறிக்கப்பட்டது, எத்தோட்டத்தினது, சாற்றின் அடர்த்தி திரவமானியில் எவ்வளவு, நொதித்தல் எத்தனை நாள் நிகழ்ந்தது என்பவற்றை அதிற் குறித்துவைப்பர். இவ்வழக்கம் இந்நாட்டுக் கமக்காரரிடையே மிகவும் அரிதாகவே காணப்படுகின்றது. விதைத்த நாள், விதையினம், பசளையிட்ட நாளும் அளவும், நோய் தோன்றிய நாள், அறுவடை நிறை, பெற்ற விலை ஆகியவற்றை ஒரு கொப்பியிற் குறிப்பதற்கு நாளொன்றுக்குச் சில நிமிடமே செல்லும். பத்துப் போகங்களின் குறிப்பு, எந்தப் புத்தகத்திலும் காணமுடியாத அறிவை அவரவர் நிலத்தைப் பற்றித் தரும்.

கலிபோர்ணியா தரும் எச்சரிக்கை

தரம் நிலத்திற் பிறக்கின்றதென்னும் கருத்தைச் சிலர் ஒப்புக்கொண்டு, "ஆயினும் வாங்குவோர் தரத்துக்கு விலை தருவதில்லையே" என்பர். அதற்கு அமெரிக்காவின் அனுபவம் விடை கூறுகின்றது.

அமெரிக்காவில் 1920 இல் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. கலிபோர்ணியாவின் திராட்சைச் செய்கையாளர் தமது தொழில் அழிந்ததென்றே எண்ணினர். நடந்தது வேறு. இல்லத்தில் பழச்சாறும் சைடரும் ஆக்குதற்கு அச்சட்டம் இடமளித்திருந்தது. பியருக்கு அவ்விடம் அளிக்கப்படவில்லை. ஆதலாற் கிழக்கு நகரங்களில் வாழ்ந்த குடும்பங்கள் தமது இல்லத்தில் வைன் ஆக்குதற்குத் திராட்சையை வாங்கத் தொடங்கின. புகையிரதம் புகையிரதமாகப் பழம் சென்றது, விலை ஏறிற்று.

நெடுந்தூரம் செல்லவேண்டிய பழத்திற்குத் தடித்த தோல் வேண்டும். சந்தையிற் கண்ணைக் கவரக் கடுநிறம் வேண்டும். அலிகாந்தே பூசே என்னும் இனம் இவ்விரண்டும் உடையது. அதன் சதையும் சிவந்திருத்தலால் நீரும் சீனியும் கலந்து வைனைப் பெருக்கினாலும் நிறம் குன்றாது. செய்கையாளர் பலர் மணமும் நயமும் மிக்க பழைய இனங்களை நீக்கிவிட்டு இத்தகைய இனங்களை நட்டனர். சில ஆண்டுகளிற் பழம் மிஞ்சிற்று; விலை வீழ்ந்தது. 1933 இல் மதுவிலக்கு நீங்கியபோது நல்ல வைனுக்கேற்ற பழம் தோட்டங்களில் அருகியிருந்தது. அக்குறையை ஈடுசெய்யப் பல பத்தாண்டுகள் சென்றன.

அச்செய்கையாளரைக் குறைகூறுதல் எளிது; நீதியன்று. சந்தை எதற்கு விலை தந்ததோ அதனையே அவர் விளைவித்தார். ஆயின் ஒன்று தெளிவு: நிறத்துக்கும் நிறைக்கும் மட்டும் விலை தரும் சந்தை, சிறிது காலத்தில் நிறமும் நிறையும் மட்டுமே உடைய விளைபொருளைப் பெறும். பின்னர்ப் பொருள் மிஞ்சும்போது அதனைக் காப்பாற்றுதற்கு வேறு நன்மை எதுவும் அதனிடத்தில் இராது. இதற்கு மாறாக, இங்கிலாந்தின் சைடர் மாவட்டங்களிற் சாலைகள் தாம் வேண்டிய இனத்தைக் குறிப்பிட்டு, தோட்டக்காரருடன் நீண்டகால ஒப்பந்தம் செய்தமையால், துவரினிப்பு அப்பிளை நம்பி நடுதற்கு அங்குத் துணிவு பிறந்தது.

இந்நாட்டுக் கமக்காரர் கொள்ளத்தக்கது

இந்நாட்டிலும் இதே நிலை இல்லையா? கறுத்தக்கொழும்பான் மாங்காய் முற்றுமுன்னரே பறிக்கப்பட்டு, காபைட்டு வைத்து நிறமேற்றப்படுவதுண்டு. காபைட்டு நிறத்தைத் தரும்; முற்றாத காயில் இல்லாத இனிப்பைத் தராது; அவ்வாறு பழுக்கவைத்தல் உடல்நலத்துக்கும் கேடு. தக்காளி பச்சையாகப் பறிக்கப்பட்டுப் பெட்டியிற் சிவக்கவிடப்படுகின்றது. அதனைச் சோசாக்கும் சாலைக்குப் பழுத்த பழத்தின் நிறமும் கனதியும் கிடைப்பதில்லை. பழப்பாகு, ஊறுகாய், சட்னி முதலிய எதனை ஆக்குவோரும் சைடர் ஆக்குவோரைப் போன்றவரே; பழத்தில் இல்லாததை அவர் பாத்திரத்திற் படைக்க இயலாது.

நெல்லின் நிலை சற்று வேறு. நெல்லும் தானியமாதலால் ஆலையிற் சில குறைகளை நீக்கலாம். ஆயினும் ஈரம் நூற்றுக்கு 14 க்கு மேற்படாமல் உலர்த்துதலும், பல இனங்கள் கலவாமற் காத்தலும் களத்திலேயே செய்யப்பட வேண்டியவை. ஈர நெல் பூஞ்சணம் பிடித்த பின்னர் அதனைத் திருத்தும் ஆலை எங்கும் இல்லை.

ஒரு கமக்காரர் தனித்து நின்று, "எனது பழம் நன்கு முற்றியது, விலை கூட்டித் தருக" என்றால் சந்தை செவிசாய்க்காது. இருபது கமக்காரர் ஓர் அமைப்பாகக் கூடி, ஒரே இனத்தை நட்டு, ஒரே முற்றுநிலையிற் பறித்து, தரம்பிரித்துப் பெட்டியிட்டு, வாங்குவோருடன் முன்னரே விலை பேசினால் நிலைமை மாறும். முதற் போகத்திலேயே மாறிவிடுமென்று எதிர்பார்த்தலாகாது. ஆயின் தரம்பிரித்த பெட்டியை ஒருமுறை வாங்கிய சாலைக்காரர், அடுத்த முறையும் அப்பெட்டியைத் தேடி வருவர். அவ்வாறு தேடிவரும் நாளிலேயே விலைபேசும் வலிமை கமக்காரரிடம் பிறக்கின்றது.

இல்லத்தில் மது ஆக்குவோரின் வழக்குக்குத் தீர்ப்புக் கூறவேண்டின் இவ்வாறு கூறலாம். பியர் ஆக்குவோர் தமது உழைப்பைப் பற்றிப் பெருமைகொள்ளுதல் தகும். வைனும் சைடரும் ஆக்குவோர் தமது பொறுமையைப் பற்றிப் பெருமைகொள்ளுதலும் தகும். ஆயின் பழத்து மதுவின் சிறப்பிற் பெரும்பங்கு, கன்று நட்டு, கிளை வெட்டி, காய் குறைத்து, தக்க நாளிற் பறித்தவருக்கே உரியது. அவ்வுரிமையைக் கேட்டுப் பெறுதற்கு முன்னர், கேட்கத்தக்க பொருளைக் கையில் வைத்திருத்தல் வேண்டும். வரும் போகத்துக்கு இனத்தைத் தெரிந்தெடுக்கும்போதும், பறிக்கும் நாளைக் குறிக்கும்போதும் கமக்காரர் இதனை மனத்திற் கொள்வாராக.